இரண்டு கோடுகளும் ஒரு தராசும்

(ஹட்டனில் ஆசிரியர்களும் உயர்தர வகுப்பு மாணவர்களும் கூடிய அவையில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தோட்டப் பாடசாலைகளில் ஆயுள் முழுவதும் கணக்குப் படிப்பித்த ஓர் ஆசிரியரின் நினைவாக எழுந்த அறக்கட்டளை இது. இலக்கியம் பேசலாமா, வரலாறு பேசலாமா என்று யோசித்தேன். கணக்கு வாத்தியாருக்குக் கணக்கையே படைப்பதுதான் முறை என்று முடிவு செய்தேன்.

அண்மையில் உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி தன் பயிற்சிக் கொப்பியை என்னிடம் கொண்டுவந்தாள். இரண்டு நாடுகள் ஆண்டுதோறும் ஏற்றுமதி செய்த தக்காளியின் அளவு ஓர் அட்டவணையில் கொடுக்கப்பட்டிருந்தது. அதைக் கோட்டு வரைபடமாக வரைந்து, எந்த நாடு முன்னணியில் இருக்கிறது என்று எழுத வேண்டும். பிள்ளை அழகாக வரைந்திருந்தாள். ஒரு கோடு மேலே போகிறது, மற்றது சற்றே சரிகிறது, நடுவில் ஓரிடத்தில் இரண்டும் வெட்டிக்கொள்கின்றன. விடையும் சரி. ஆனால் அவள் கேட்டாள்: “சேர், இதில் யாருக்கு லாபம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?” அந்த வினா அட்டவணையில் இல்லை. இன்றைய உரை அவளுக்கான பதில்தான்.

நுவரெலியாவில் தக்காளியும் விளைகிறது. ஆனால் நம் வயிற்றோடு ஒட்டிய பயிர் தேயிலை. ஆகவே அதே பயிற்சியை இலங்கைக்கும் கென்யாவுக்கும், தேயிலையை வைத்துச் செய்து பார்ப்போம்.

ஒரே வீட்டுப் பிள்ளைகள்

கண்டிக்கு அருகே லூல்கந்துரை தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டது 1867இல். இரண்டு ஆண்டுகளில் கோப்பிச் செடியின் இலையில் துரு நோய் கண்டது. கோப்பி செத்துத் தேயிலை பிழைத்தது. 1873இல் இலங்கையிலிருந்து லண்டனுக்குப் போன முதல் தேயிலை 23 இறாத்தல். ஒரு பிள்ளை தலையில் தூக்கிவிடக்கூடிய சுமை. பத்து ஆண்டு கழித்து, 1883இல், கொழும்பில் தேயிலை ஏலம் தொடங்கியது. நம் கோடு தொடங்கும் புள்ளி அந்த 23 இறாத்தல்தான்.

கென்யாவின் கோடு பிந்தித் தொடங்குகிறது. லிமுருவில் 1903இல் முதல் செடிகள் நடப்பட்டன. வணிக அளவில் பயிர் எழுந்தது 1920களில், கெரிச்சோ மலைகளில். நட்டவர்கள் யார்? புரூக் பாண்ட், ஜேம்ஸ் ஃபின்லே. இந்தியா, இலங்கைத் தேயிலையில் பணம் பார்த்த அதே பெயர்கள். அங்கும் நிலத்துக்குச் சொந்தக்காரரான கிப்சிகிஸ், தலாய் மக்கள் விரட்டப்பட்டுத்தான் தோட்டம் போடப்பட்டது. ஆகவே இதை இரண்டு எதிரிகளின் போட்டியாகப் பார்க்க வேண்டாம். ஒரே வீட்டின் மூத்த பிள்ளையும் இளைய பிள்ளையும் என்று கொள்ளலாம்.

1933இல் உலகச் சந்தையில் விலை விழுந்தபோது, இந்தியாவும் இலங்கையும் டச்சு இந்தியாவும் கூடி, ஏற்றுமதி அளவைக் குறைத்துக்கொள்ள ஒப்பந்தம் செய்தன. கென்யா அப்போது அந்தப் பெரியவர் பட்டியலில் இல்லை.

கோடுகள் வெட்டிக்கொண்ட இடம்

1965இல் இலங்கையின் உற்பத்தி 228 மில்லியன் கிலோ. உலகத்திலேயே அதிகத் தேயிலை ஏற்றுமதி செய்யும் நாடு என்ற பெயர் அந்த ஆண்டில் நமக்குக் கிடைத்தது. கென்யா சுதந்திரம் பெற்ற 1963இல் அங்கே விளைந்தது சுமார் 18 மில்லியன் கிலோ. பன்னிரண்டு பேருக்கு ஒருவர் என்ற கணக்கு.

பிறகு நம் கோடு படுத்துவிட்டது. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தம் வந்து தோட்டங்கள் அரசின் கைக்குப் போயின. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்திய வம்சாவளித் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று முடிவாகி, தலைமன்னார்க் கப்பலில் குடும்பம் குடும்பமாக ஏறிக்கொண்டிருந்தார்கள். பத்து விரலில் பழகிய கைத்திறனும் அதே கப்பலில் போயிற்று. எழுபதுகளின் பஞ்சத்தில் தோட்டத்தில் மரவள்ளிக் கிழங்குக்கும் வழியில்லாமல் இருந்ததை என் தலைமுறைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வறட்சியும் கலவரமும் சேர்ந்த 1983இல் உற்பத்தி 179 மில்லியனுக்கு இறங்கியது.

1992இல் தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்டது. தொண்ணூறுகளில் கோடு எழுந்தது, முதலிடமும் திரும்பக் கிடைத்தது. ஆனால் கென்யாவின் கோடு அதைவிடச் செங்குத்தாக ஏறிக்கொண்டிருந்தது. இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டு நடுவில் இரண்டும் வெட்டிக்கொண்டன. அதன் பின் கென்யா திரும்பிப் பார்க்கவில்லை.

2013இல் இலங்கை தன் வரலாற்றின் உச்சமான 340 மில்லியன் கிலோவைத் தொட்டது. அதே ஆண்டில் கென்யாவின் விளைச்சல் 432 மில்லியன். 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்தது. சில மாதங்களில் தடை நீங்கினாலும் பட்டினி கிடந்த செடி உடனே எழுந்து நிற்காது. மறு ஆண்டில் டீசல் இல்லை, மின்சாரம் இல்லை. 2021இல் 299 மில்லியனாக இருந்த உற்பத்தி 2022இல் 251 மில்லியன் ஆயிற்று. கென்யா அந்த ஆண்டில் 535 மில்லியன்.

வரைபடத்தை இங்கே நிறுத்தினால் தீர்ப்பு எளிது: கென்யா வென்றது, இலங்கை தோற்றது. மாணவி வாங்கிய சரி அடையாளம் நமக்கும் கிடைக்கும்.

எதை எண்ணுகிறோம்?

தீர்ப்புக்கு முன் ஒரு சின்னச் சோதனை. நான் இதுவரை சொன்னவற்றில் பாதிக்கு மேல் உற்பத்தி எண்கள், ஏற்றுமதி எண்கள் அல்ல. கவனித்தீர்களா? பத்திரிகைக் கட்டுரைகளில் ஒரு நாட்டின் உற்பத்தியையும் மற்ற நாட்டின் ஏற்றுமதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். இரண்டு நாடுகளும் விளைந்ததில் பெரும்பகுதியைக் கப்பலேற்றுவதால் போக்குத் தெரியும், ஆனால் புள்ளி பிசகும்.

ஏற்றுமதி எண்ணிலும் சூட்சுமம் உண்டு. டிசம்பரில் கொழும்பு ஏலத்தில் விற்ற தேயிலை பெரும்பாலும் அடுத்த ஆண்டுக் கணக்கில்தான் கப்பலேறும். வெளிநாட்டுத் தேயிலையை இறக்கி, நம் தேயிலையோடு கலந்து, பொதி செய்து மீள ஏற்றுமதி செய்வதும் நம் துறைமுகக் கணக்கில் ஏறுகிறது. மொம்பாசா ஏலத்திலோ கென்யாத் தேயிலையோடு உகாண்டா, ருவாண்டா, புருண்டி, தன்சானியா, மலாவித் தேயிலைகளும் விலை போகின்றன. மூட்டையில் ஒரே துறைமுகத்தின் பெயர் இருக்கலாம், உள்ளே இருக்கும் கொழுந்து பல நாட்டு மலைகளுக்குரியது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. கெரிச்சோவில் ஜேம்ஸ் ஃபின்லே தன் தோட்டங்களை அண்மையில் விற்றது. வாங்கியது இலங்கையின் பிரவுண்ஸ் நிறுவனம். 2024இல் லிப்டன் நிறுவனத்தின் கிழக்காபிரிக்கத் தோட்டங்களையும் வாங்க அதே பிரவுண்ஸ் உடன்பட்டது. கென்யாவின் கோட்டில் ஒரு பங்கு இன்று கொழும்புக்காரரின் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. நாடு என்ற தலைப்பின் கீழ் எண்ணை எழுதுகிறோமே, பணம் அந்தத் தலைப்பை மதிப்பதில்லை.

கிலோவும் டொலரும்

இப்போது அதே அட்டவணையில் இரண்டாவது நிரலைச் சேர்ப்போம். 2024இல் இலங்கை ஏற்றியது சுமார் 246 மில்லியன் கிலோ, கிடைத்தது 1.43 பில்லியன் டொலர். கென்யா ஏற்றியது 594 மில்லியன் கிலோ, கிடைத்தது 181 பில்லியன் ஷில்லிங்குக்குச் சற்று மேல். அந்த ஆண்டுச் செலாவணிப்படி மாற்றினால் 1.3க்கும் 1.4க்கும் இடைப்பட்ட பில்லியன் டொலர்.

ஒருமுறை திரும்ப வாசியுங்கள். கென்யா இரண்டேகால் மடங்குக்கும் அதிகமாக ஏற்றி, நமக்குக் கிடைத்ததை ஒட்டிய பணத்தையே பெற்றிருக்கிறது. நம் கிலோவுக்கு ஐந்தே முக்கால் டொலர் அளவு. அவர்களது கிலோவுக்கு இரண்டேகால் டொலரை ஒட்டி.

காரணம் தேயிலையின் செய்முறை. கென்யாவில் பெரும்பாலும் சி.டி.சி. இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டி மணி மணியாக எடுப்பது. கடும் நிறம், வேகமான சாயம், தேநீர்ப் பைக்கு ஏற்றது. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாங்குவது பாகிஸ்தான் என்ற ஒரே நாடு. நாம் செய்வது பெரும்பாலும் பழைய ரோலர் முறைத் தேயிலை. ஈராக், ரஷ்யா, துருக்கி, ஐக்கிய அமீரகம் என்று வாங்குவோர் பலர். நம் ஏற்றுமதியில் ஏறக்குறைய பாதி பக்கெட்டாகவும் தேநீர்ப் பையாகவும் போகிறது. கென்யா பெரும்பாலும் மூட்டையில் அனுப்புகிறது. விலையைத் தூக்கி நிறுத்த 2021இல் அங்கே அரசு கிலோவுக்கு 2.43 டொலர் என்று அடிமட்ட விலை வைத்துப் பார்த்தது. விலை நின்றது, சரக்கும் விலைபோகாமல் களஞ்சியத்தில் நின்றது.

ஆக, கிலோக் கோட்டில் தோற்றோம், டொலர்க் கோட்டில் ஈடுகொடுத்து நிற்கிறோம். கொழும்பில் ஏற்றுமதியாளர் கூட்டங்களில் இந்த இடத்தில் கைதட்டல் எழும். நாம் இன்னும் கைதட்ட வேண்டாம்.

கோட்டுக்குள் மறைந்த கோடு

இலங்கை என்று ஒரே கோடு வரைந்தோமே, அதைப் பிரித்துப் பாருங்கள். 4,000 அடிக்கு மேல் மேட்டுநிலம், அதிலிருந்து 2,000 வரை இடைநிலம், அதற்குக் கீழே தாழ்நிலம். சிலோன் தேயிலை என்றதும் உலகம் நினைப்பது நுவரெலியாவின் பனியையும் திம்புளையின் சரிவையும்தான். விளம்பரப் படத்தில் வருவது நம் பெண்களின் தலைக்கயிறும் கூடையும்தான். ஆனால் இன்றைய உற்பத்தியில் ஏறக்குறைய 60 வீதம் காலி, மாத்தறை, இரத்தினபுரிப் பக்கத்துத் தாழ்நிலத்தில் விளைகிறது. மேட்டுநிலத்தின் பங்கு ஐந்தில் ஒன்றைச் சுற்றியே நிற்கிறது. கொழும்பு ஏலத்தில் பல ஆண்டுகளாகச் சராசரி விலையிலும் தாழ்நிலமே முந்துகிறது.

கென்யா இலங்கையை முந்தியது பத்திரிகைக்குத் தெரிந்த செய்தி. தாழ்நிலம் மலையகத்தை முந்தியது வீட்டுக்குள்ளேயே நடந்த செய்தி, அதை யாரும் வரைவதில்லை. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் ஒரு பொதுக் காரணம் எட்டிப் பார்க்கிறது.

கென்யாவில் காலனிக் காலத்தில் ஆபிரிக்கர் தேயிலை பயிரிடத் தடை இருந்தது. 1950களில் அது தளர்ந்தது. 1954இன் ஸ்வின்னர்டன் திட்டம் குடியானவனுக்குப் பணப்பயிரைத் திறந்துவிட்டது. 1964இல் கென்யா தேயிலை அபிவிருத்தி அதிகாரசபை உருவாகி, நாற்றும் ஆலோசனையும் கொடுத்து, கொழுந்தைச் சேகரித்து, ஆலையும் கட்டியது. இன்று அந்த நாட்டுத் தேயிலையில் பாதிக்கு மேல் சிறு விவசாயிகளின் கையால் வருவது. இலங்கையின் தாழ்நிலத்திலும் 1970களின் நடுவில் சிற்றுடைமைக்கெனத் தனி அதிகாரசபை வந்தது. இன்று நாட்டின் உற்பத்தியில் ஏறத்தாழ 70 வீதம் சிற்றுடைமையாளர்களுடையது.

மலையகத்தில் அதே காலத்தில் நடந்தது என்ன? 1948இல் தோட்டத் தமிழரின் குடியுரிமை பறிக்கப்பட்டது. குடியுரிமை இல்லாதவனுக்குக் காணி இல்லை. கெரிச்சோவுக்குப் பக்கத்துக் குடியானவனுக்கு அரசு நாற்று கொடுத்த ஆண்டுகளில், இங்கே நாற்று நட்டவர்களை அரசு கப்பலேற்றிக்கொண்டிருந்தது. முந்திய இரு தரப்பாரும் தம் செடியில் தாமே கொழுந்து எடுத்தவர்கள். பிந்திய நாம் பிறர் செடியில் எடுத்தோம். மழையும் மண்ணும் செய்முறையும் காரணங்கள்தான், மறுக்கவில்லை. பூமத்தியரேகைக்காரருக்கு ஆண்டு முழுவதும் மழை கிடைக்கிறது, நம் செடிகளில் பல கிழடு தட்டியவை. ஆனால் கிழட்டுச் செடியைப் பிடுங்கிப் புதிதாக நட்டு, மூன்று நான்கு ஆண்டு காத்திருக்க யாருக்கு மனம் வரும்? அந்த மண் தன் பிள்ளைக்குப் போகும் என்று தெரிந்தவனுக்குத்தான் வரும்.

தராசடியில்

இனி மூன்றாவது நிரல். இதற்கு வரைபடத் தாள் வேண்டாம், கொழுந்து மடுவத்துக்குப் போவோம்.

என் அம்மா கொழுந்து எடுத்தவர். பள்ளி விட்டு வரும் வழியில் மாலை நிறுவைக்காக அவரோடு வரிசையில் நிற்பேன். இடுப்பில் படங்கு, காலில் அட்டை கடித்த இரத்தம் காய்ந்திருக்கும். கூடையைக் கொட்டிச் சாக்கில் கட்டித் தராசில் தொங்கவிடுவார்கள். முள் 20இல் நிற்கும். கணக்கப்பிள்ளை 18 என்று எழுதுவார். சாக்குக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று. மழை பெய்யாத நாளிலும் தண்ணீருக்கு ஒன்று கழிந்தது. நான் வாய் திறந்தால் அம்மா என் கையை அழுத்துவார். நிறை குறைந்தால் முழுப் பேர், அதாவது முழு நாட்சம்பளம், கிடைக்காது, அரைப் பேர்தான். நான் கற்ற முதல் கழித்தல் கணக்கு அது.

அந்த 18 கிலோவை 2024ஆம் ஆண்டு விலைக்குப் போட்டுப் பார்ப்போம். பச்சைக் கொழுந்து வாடி, உருண்டு, காய்ந்து தூளாகும்போது நூற்றுக்கு இருபத்தொன்றரை அளவில் மிஞ்சும். 18 கிலோ கொழுந்துக்கு நாலு கிலோவுக்குச் சற்றுக் குறைவான தேயிலை. 2024இல் கொழும்பு ஏலச் சராசரி கிலோ 1,200 ரூபாயை ஒட்டி இருந்தது. ஆகவே அந்த ஒரு நாள் கொழுந்தின் ஏல மதிப்பு சுமார் 4,600 ரூபாய்.

2024 செப்டம்பரில் வர்த்தமானியில் வந்த நாட்சம்பளம் 1,350 ரூபாய். ஏல மதிப்பில் நூற்றுக்கு 29. ஊழியர் சேமலாப நிதிக்கும் நம்பிக்கை நிதிக்கும் தோட்டம் கட்டும் 15 வீதத்தைச் சேர்த்தாலும் 34ஐத் தாண்டாது.

இதே 18 கிலோவைத் தன் கால் ஏக்கரில் எடுத்து ஆலைக்குக் கொடுக்கும் காலிப் பக்கத்துப் பெண்ணுக்கு என்ன கிடைக்கும்? கொழுந்து விலைக்கு அரசே வகுத்த சூத்திரம் இருக்கிறது. விற்பனைப் பணத்தில் 68 பங்கு கொழுந்து தந்தவருக்கு, 32 பங்கு ஆலைக்கு. அதன்படி 3,100 ரூபாய்க்கு மேல். கென்யாவிலும் சிறு விவசாயிக்கு மாதந்தோறும் ஒரு தொகையும் ஆண்டு முடிவில் மீதிப் பங்கும் உண்டு.

நியாயமாகப் பேச வேண்டும். காலிப் பெண் அந்தப் பணத்தில் பசளை வாங்க வேண்டும், புல் வெட்ட வேண்டும், கவ்வாத்துக்கு ஆள் பிடிக்க வேண்டும். நோய் வந்தால் அவளுக்குத் தோட்ட மருந்துக்கூடம் இல்லை. தோட்டமோ இந்தச் செலவுகளைத் தானே ஏற்கிறது. கென்ய விவசாயிகளும் ஆண்டுப் பங்கு போதவில்லை என்று தெருவில் இறங்குகிறார்கள். கெரிச்சோவின் பெருந்தோட்டங்களில் கொழுந்து வெட்டும் இயந்திரங்கள் வந்து வேலையைப் பறித்தபோது, 2023இல் அவற்றைக் கொளுத்தினார்கள். எங்கும் சொர்க்கம் இல்லை. ஆனாலும் 68க்கும் 29க்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பசளைச் செலவு ஒன்றால் நிரப்ப முடியாது.

கென்யா ஏன் நம்மை முந்தியது என்று இருபது ஆண்டாகக் கேட்கிறோம். நாட்டுக்கு டொலர் வந்தது. அந்த டொலர் தராசடிக்கு வந்து சேரவில்லை. லயத்துக்கு லயம் பூட்டிய கதவுகளைப் பாருங்கள். பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்கும் மத்திய கிழக்கு வீடுகளுக்கும் போய்விட்டார்கள். கொழுந்து முற்றிக் கிடக்கும் மலைகள் கூடுகின்றன. நம் கோடு ஏன் சரிகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான புள்ளிவிபரம் வேண்டாம்.

செய்யக்கூடியது

சில கம்பனிகள் கடந்த பத்தாண்டுகளில் தொழிலாளிக்குச் செடிகளைப் பிரித்துக் கொடுத்து, கொழுந்தைக் கிலோக் கணக்கில் வாங்கும் வருமானப் பகிர்வு முறையைச் சோதித்து வருகின்றன. நல்ல தொடக்கம் என்கிறார்கள். என் ஐயம் ஒன்றுதான்: செடி கையில், காணி யார் கையில்? தோட்டக் காணி அரசுடையது, கம்பனிக்கு 53 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது. அந்தக் குத்தகை 2045ஐ ஒட்டி முடிகிறது. காணி உறுதி இல்லாமல் பசளைச் செலவையும் சேமலாப நிதி இழப்பையும் தொழிலாளியின் தலையில் வைத்தால், அது பங்கு ஆகாது, சுமை மாற்றுவதாகும். காணி உறுதியும், 68:32 சூத்திரமும், கொழுந்தைத் தாமே விற்கும் கூட்டுறவும் சேர்ந்து வந்தால்தான் கென்யாவிலும் காலியிலும் நடந்தது ஹட்டனிலும் நடக்கும். குத்தகை முடியும் ஆண்டு வரை காத்திருந்து பேசத் தொடங்கினால், காணி வேறு யாருக்கோ பேசி முடிந்திருக்கும்.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். இனி எந்த இரு நாட்டு ஏற்றுமதியை ஒப்பிடச் சொன்னாலும், அது தக்காளி ஆனாலும் தேயிலை ஆனாலும், கொடுத்த நிரலோடு நிறுத்தாதீர்கள். கிலோவுக்குப் பக்கத்தில் விலையை எழுதுங்கள். நாட்டுக்குள் எந்த ஊர் என்று பிரித்துப் பாருங்கள். கடைசி நிரலில் பறித்த கைக்கு எவ்வளவு என்று எழுதுங்கள். பரீட்சையில் அதற்குப் புள்ளி கிடைக்காமல் போகலாம். உங்கள் வீட்டில் அந்த நிரலை நிரப்பக்கூடிய ஒருவர் இன்னும் இருக்கிறார். இன்று மாலை போய் அவரிடம் கேளுங்கள்: “இன்றைக்கு எத்தனை கிலோ எடுத்தீர்கள்? எத்தனை எழுதினார்கள்?”